முதல் பாடம்: கயிற்றை விட்டுவிடு

எட்டு வயதுப் பிள்ளையைத் தன்னந்தனியாக ஒரு பாய்ப்படகில் உட்கார வைத்துத் தண்ணீரில் விடுவதைப் பார்த்தால் நமக்குப் பகீரென்றுதான் இருக்கும். அந்தப் படகுக்கு எஞ்சின் கிடையாது, பிரேக்கும் கிடையாது. அதை ஓட்டுவது கண்ணுக்குத் தெரியாத காற்று. அதுவும் நொடிக்கு நொடி மாறக்கூடியது. ஆனாலும் உலகின் பல நாடுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறார்கள். பயிற்சியாளர் சற்றுத் தள்ளி ஒரு மோட்டார் படகில் கூடவே வருவார். பாயும் சுக்கானும் பிள்ளையின் கையில்தான் இருக்கும்.

இதை நம்பிச் செய்ய முடிவதற்குக் காரணம், பாடங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை. காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, படகை நிறுத்துவது, கவிழ்ந்தால் நிமிர்த்துவது ஆகிய மூன்றும் முதலில் வரும். வேகமாகப் போவது எப்படி என்பது கடைசியில்தான். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதன் பெயரோ சூத்திரமோ தெரியாது. ஆனால் அது கைக்கும் முதுகுக்கும் பழகிவிடுகிறது.

இரண்டு ஒட்டுப்பலகையில் ஒரு படகு

சிறுவர் பயிற்சிக்கென உலகெங்கும் பயன்படும் படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். அது பிறந்தது 1947இல், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள கிளியர்வாட்டர் என்ற ஊரில். அப்போது அங்கே சிறுவர்கள் எஞ்சின் இல்லாத மரவண்டிகளைச் செய்து, சரிவான சாலையில் உருட்டிவிட்டுப் பந்தயம் நடத்துவார்கள். அதே செலவில் தண்ணீரில் ஒரு பந்தயம் நடத்தினால் என்ன என்று மேஜர் கிளிஃபோர்ட் மெக்கே என்பவருக்குத் தோன்றியது. ஆப்டிமிஸ்ட் என்பது ஊர்ச் சேவைச் சங்கம் ஒன்றின் பெயர். அதன் ஆதரவோடு, 50 டாலருக்குள் முடியக்கூடிய ஒரு படகை வரைந்து தரும்படி கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கட்டுநரிடம் கேட்டார்கள்.

மில்ஸுக்குக் கிடைத்த பொருள் நான்கடிக்கு எட்டடி அளவுள்ள ஒட்டுப்பலகைகள். எட்டடிப் பலகையில் வெட்டியதால் படகின் நீளம் எட்டடிக்குள் அடங்கியது. கூரான முகப்பு வைக்க நீளம் போதாது என்பதால் முன்பக்கத்தைத் தட்டையாக வெட்டி முடித்தார். பார்ப்பதற்குக் குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியதுபோல் இருந்தாலும், அந்த மொட்டை முகப்பும் தட்டையான அடியும் படகை எளிதில் புரளாமல் வைத்தன. 1950களில் டென்மார்க் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

இன்று அது கண்ணாடியிழையில் வார்க்கப்படுகிறது. உடலின் எடை 35 கிலோ, நீளம் 2.36 மீட்டர், பாயின் பரப்பு மூன்று சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். பதினைந்து வயது வரை இதில் போட்டியிடலாம். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் பென் ஐன்ஸ்லியும், பதினாறு வயதில் தனியாகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றி முடித்த நெதர்லாந்தின் லாரா டெக்கரும் சிறுவயதில் இந்தத் தொட்டியில் பழகியவர்கள்தான்.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பது

தண்ணீரில் இறங்கும் முன், கரையில் நிற்கும்போதே பயிற்சியாளர் கேட்கும் முதல் கேள்வி: காற்று எங்கிருந்து வருகிறது? பிள்ளைகள் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே அளவில் கேட்கும்போது முகம் காற்றுக்கு நேராக இருக்கும். கொடி, புகை, நங்கூரமிட்ட படகுகள் திரும்பி நிற்கும் திசை எல்லாமே சாட்சிகள்.

தண்ணீரும் சொல்லும். பலத்த வீச்சு ஒன்று வரும்போது நீர்ப்பரப்பில் கருத்த திட்டு ஒன்று நகர்ந்து வருவதைப் பார்க்கலாம். காற்று பட்ட இடத்தில் சின்னஞ்சிறு நுண்ணலைகள் எழுகின்றன. வழவழப்பாக இருந்தபோது வானத்தின் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிய பரப்பு, இப்போது சொரசொரப்பாகி அதைக் குறைவாகவே அனுப்புகிறது. அதனால்தான் அந்த இடம் கருக்கிறது. திட்டு படகைத் தொடுவதற்குச் சில நொடிகள் இருக்கும். தேர்ந்த பிள்ளை அதற்குள் உடம்பைத் தயாராக்கிவிடும்.

இந்த எச்சரிக்கை ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு சொல்லும். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று இந்தச் சிறு பாயில் தோராயமாக ஐந்து கிலோ எடை அளவுக்கு விசை தரும். வேகம் 36 கிலோமீட்டர் ஆனால் விசை பத்துக் கிலோ ஆகாது. இருபது கிலோ ஆகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. தென்றல் போல் இருந்த காற்று சற்றே வலுக்கும்போது படகு திடீரென முரண்டு பிடிப்பதன் காரணம் இதுதான்.

நிற்கத் தெரிந்தால் போகலாம்

பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு உண்டு. அதை இறுக்கினால் பாய் உள்ளே வரும். தளர்த்தினால் வெளியே போகும். காற்று பக்கவாட்டில் இருந்து வரும்போது அந்தக் கயிற்றை முழுவதும் விட்டுவிட்டால், பாய் கொடியைப் போலக் காற்றின் போக்கில் திரும்பிப் படபடக்கும். கொடியாக மாறிய பாயில் படகைத் தள்ளும் விசை இருக்காது. தண்ணீரின் உராய்வில் படகு சில நொடிகளில் தளர்ந்து நின்றுவிடும்.

முதல் நாளின் முக்கியப் பாடம் இதுதான்: பயமாக இருந்தால் கயிற்றை விட்டுவிடு. இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஏனென்றால் பயந்த கை எதையாவது இறுகப் பற்றிக்கொள்ளவே பார்க்கும். படகு சாயும்போது கயிற்றை இறுகப் பிடித்தால் பாய் இன்னும் அதிகக் காற்றை வாங்கும், படகு இன்னும் சாயும். உடலின் இயல்பான எதிர்வினையே ஆபத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் கரையில் மணலில் படகை வைத்து, பயிற்சியாளர் பாயை ஆட்டிக் காட்ட, "விடு" என்றவுடன் விரல் திறக்கும்வரை மீண்டும் மீண்டும் பழக்குவார்கள்.

படகு தண்ணீரில் இறங்கியதும் முதல் ஓட்டம் எப்போதும் காற்றுக்குக் குறுக்கே நடக்கும். இரண்டு மிதவைகளைக் காற்றின் திசைக்குக் குறுக்காக வைத்து, அவற்றுக்கிடையே போய்வரச் சொல்வார்கள். பக்கக் காற்றில்தான் போன வழியே திரும்பி வர முடியும், எந்தக் கணத்திலும் கயிற்றை விட்டு நிற்கவும் முடியும். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் போவது சுகம். திரும்பி வருவதுதான் பாடு.

காற்றை எதிர்த்துக் காற்றாலேயே போவது

பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காற்று தள்ளுகிற திசையில் படகு போவது சரி. காற்று வருகிற பக்கமாக எப்படிப் போகிறது?

வளைந்த பாயின் மேல் காற்று ஒட்டி ஓடி, திசை மாறி வெளியேறுகிறது. பாய் காற்றை ஒரு பக்கம் திருப்பினால், காற்று பாயை எதிர்ப்பக்கம் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். ஒரு சிறு பகுதி மட்டும் முன்னோக்கி இருக்கும். இங்கேதான் படகின் நடுவே துளை வழியாகக் கீழே இறங்கியிருக்கும் பலகை வேலை செய்கிறது. அது தண்ணீரைக் கத்தி போல முன்னோக்கி எளிதாகக் கிழிக்கும். பக்கவாட்டில் நகர விடாது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னால் பாய்கிறதல்லவா? பாயும் பலகையும் அந்த இரண்டு விரல்கள். படகுதான் கொட்டை.

பெரிய பாய்க்கு இத்தனை சிறிய பலகை எப்படி ஈடுகொடுக்கிறது? தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சிறு பரப்பே போதும். ஆனால் படகு நகர்ந்தால்தான் பலகை வேலை செய்யும். நின்ற படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும்.

பாயின் வேலையை விளக்கும்போது பழைய பாடநூல்களில் வரும் ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். விமான இறக்கையின் மேல்பக்கம் நீளமானது, அதனால் மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் சேர்வதற்காக வேகமாக ஓடுகிறது என்று எழுதுவார்கள். பாயைப் பார்த்தாலே அது தவறு என்று தெரியும். துணியின் இரண்டு பக்கமும் ஒரே நீளம்தான். உண்மையில் பாயின் வெளிவளைவில் ஓடும் காற்று உள்பக்கக் காற்றுக்கு முன்பாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. இரண்டும் சந்தித்துக்கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த வித்தைக்கு எல்லை உண்டு. காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகை வரை படகு போகவே முடியாது. அதற்குள் நுழைந்தால் பாய் படபடத்து, படகு நின்றுவிடும். அதனால் காற்றுக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தை அடைய, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். வடிவியலில் படித்த சதுரத்தின் மூலைவிட்டக் கணக்குதான் இது.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பாயை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுவது. இறுக்கினால் வேகம் கூடும் என்று மனம் நினைக்கிறது. ஆனால் கோணம் மிஞ்சினால் வெளிவளைவில் ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பிக்கும். முன் தள்ளும் விசை விழுந்து, சாய்க்கும் விசை மட்டும் மிஞ்சும். இதற்குப் பயிற்சியாளர்கள் தரும் விதி சுருக்கமானது: பாயின் முன்விளிம்பு துடிக்கும்வரை கயிற்றைத் தளர்த்து, துடிப்பு நிற்கும்வரை மட்டும் இழு. பாயில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி வைப்பதும் இதற்காகத்தான். நூல் பின்னோக்கிப் படிந்து பறந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. சுருண்டு தவித்தால் கோணம் தவறு.

தலைகீழ்ச் சுக்கான்

சுக்கானின் கோலை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். கோல் சுழல்மையத்துக்கு முன்னால் இருக்கிறது, தண்ணீரில் இருக்கும் அலகு பின்னால் இருக்கிறது. அதனால் இரண்டும் எதிரெதிராக நகரும். பிள்ளைகள் முதலில் குழம்புவார்கள். வலம், இடம் என்று சொல்லிக்கொடுத்தால் இன்னும் குழம்புவார்கள். அதனால் "கோலைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அப்படித் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பித் தானாக நிற்கும். கயிற்றை விடுவதற்கு அடுத்த இரண்டாவது பிரேக் இது.

சுக்கான் தண்ணீரைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறது. எனவே நகராத படகில் சுக்கானுக்கு அதிகாரம் கிடையாது. திரும்பும் நடுவில் வேகத்தை இழந்து, காற்றுக்கு நேராக மாட்டிக்கொண்டு விழிக்கும் பிள்ளையை எந்தப் பயிற்சியிலும் பார்க்கலாம்.

திரும்புவதில் இரண்டு வகை உண்டு. முகப்பைக் காற்றின் ஊடே கொண்டுபோவது டேக்கிங். பின்பக்கத்தைக் காற்றின் ஊடே கொண்டுபோவது ஜைபிங். முதலாவதில் பாய் பக்கம் மாறும்போது விசையின்றிப் படபடத்துக்கொண்டே மாறும். இரண்டாவதில் பாய் காற்று நிரம்பிய நிலையிலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசியடிக்கும். பாயின் கீழ்த்தண்டு தலையில் பட்டால் காயம்தான். டேக்கிங் முழுதாகக் கைவந்த பிறகே ஜைபிங் கற்பிப்பதும், இரண்டிலும் "தலையைக் குனி" என்று ஓயாமல் கத்துவதும் இதனால்தான்.

உடம்பே எதிரெடை

பாய் மேலே படகைச் சாய்க்கிறது. பலகை கீழே தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு திருகலை உண்டாக்கும். அதைச் சமன் செய்ய, பிள்ளை காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, தரையில் உள்ள பட்டையில் காலை மாட்டி, உடலைப் படகுக்கு வெளியே சாய்க்க வேண்டும். நெம்புகோல் விதிதான்: எடை கொஞ்சமாக இருந்தாலும் தொலைவு அதிகமானால் பலன் அதிகம். 35 கிலோ எடையுள்ள பிள்ளை முழுதாக வெளியே சாய்ந்தாலும், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் திருகலை ஈடுகட்டுவது ஏறக்குறைய எல்லையைத் தொடும் வேலை. அதற்கு மேல் பாயைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

நம் கடற்கரைக்கு இது புதிதில்லை. பாக் நீரிணைப் பகுதியின் பாய்ப்படகுகளில் குறுக்கே ஒரு நீண்ட பலகையைச் செருகி, அதன் நுனியில் ஆட்கள் ஏறிச் சாய்வைச் சமன் செய்வது நெடுங்காலப் பழக்கம். மரபுப் படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறாண்டுக்கு முன்பே அதைப் பதிவு செய்திருக்கிறார். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் இன்றும் அந்தக் காட்சியைக் காணலாம்.

கவிழ்வதும் பாடத்திட்டத்தில் உண்டு

படகு கவிழும். அதனால் முதல் ஓரிரு நாளிலேயே, அமைதியான நீரில், வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வார்கள். கவிழ்ந்த படகு மூழ்காது. உள்ளே கட்டியிருக்கும் காற்றுப் பைகள் அதைத் தாங்கும். பிள்ளை சுற்றி நீந்திப் போய், பக்கவாட்டில் நீட்டியிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். இங்கும் நெம்புகோல்தான். பெரியவர்கள் சேர்ந்து தூக்கினாலும் சிரமப்படும் நனைந்த பாயை ஒரு சிறு பிள்ளையின் எடை மெல்ல நிமிர்த்திவிடும். அதற்கு முன் பாய்க்கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த பாய் காற்று வாங்கி, படகு மறுபடியும் கவிழும். பிறகு வாளியால் தண்ணீரை இறைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

மாற்றமே இல்லாத விதி ஒன்று: படகை விட்டுப் போகாதே. தண்ணீரில் இருந்து பார்க்கும்போது கரை பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும், தூரம் ஏமாற்றும். அலைகளுக்கிடையே ஒரு தலை கண்ணில் படாது. கவிழ்ந்த படகு தொலைவிலிருந்தே தெரியும். லைஃப் ஜாக்கெட் அணிவதும் அதேபோல் மாற்றமில்லாத விதி. மனித உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், சில கிலோ மிதப்பு விசை கூடுதலாகக் கிடைத்தாலே முகம் நீருக்கு மேலே நிற்கும். ஆனால் அளவு பொருந்தாத ஜாக்கெட் தோளைவிட்டு மேலே ஏறி முகத்தை மறைக்கும், ஆளைத் தாங்காது.

எந்த நேரம், எந்த நீர்

வெயில் ஏறும்போது நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் நிலைமை தலைகீழாகிறது. விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பியது நம் கட்டுமரக்காரர்களின் கணக்கு.

புதியவர்களுக்குக் கரையை நோக்கி மெல்ல வீசும் காற்றே நல்லது. எதுவும் செய்யத் தெரியாவிட்டாலும் படகு கரைக்கே வந்து சேரும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று பார்வைக்குச் சாதுவானது, கரையோரத்தில் அலையே இருக்காது. ஆனால் தள்ளிப் போகப் போகக் காற்று வலுக்கும், திரும்புவதற்கு எதிர்க்காற்றில் வர வேண்டும். அமைதியான தண்ணீரைப் பார்த்து ஏமாறக்கூடாத இடம் இது.

சென்னையில் இந்தப் பயிற்சி துறைமுகத்துக்குள் நடக்கிறது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் அங்கே பிள்ளைகளைப் பழக்குகின்றன. ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னையில் ஒரு கோடைக்கால முகாமில் தொடங்கியவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் போட்டியிட்டார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். அதே விளையாட்டில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர் பழகியது போபாலின் ஏரியில். மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே கிடையாது.

அப்படியானால் கடல் இருப்பது மட்டும் போதாது. ஒழுங்காகக் கற்பிக்கும் இடம் வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையும், ஊருக்கு ஊர் ஏரிகளும் உள்ள தமிழ்நாட்டில் பாய்ப்படகு இன்னும் சில நூறு குடும்பங்களின் விளையாட்டாகவே தோன்றுகிறது. 50 டாலருக்குள் முடிய வேண்டும் என்று பிறந்த ஒரு படகுக்கு இது பொருத்தமில்லாத கதி. பள்ளிகளும் மீனவ ஊர்களும் நகராட்சி ஏரிகளும் சேர்ந்தால் இதை மாற்ற முடியும். வள்ளத்தில் பாய் கட்டி ஓட்டிய அனுபவமுள்ள முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

உங்கள் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று முதலில் அவர்கள் சோதிக்கிறார்களா? அளவுக்குப் பொருந்தும் ஜாக்கெட் உண்டா? மீட்புப் படகு எப்போதும் தண்ணீரில் இருக்கிறதா? முதல் நாள் பாடம் என்ன? கடைசிக் கேள்விக்கு "நிறுத்துவதும் கவிழ்ந்தால் நிமிர்த்துவதும்" என்று பதில் வந்தால், நம்பி அனுப்புங்கள்.